அணி வேறு, கழகம் வேறு: பல்கலைக்கழக ஹாக்கியின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்து இரவு படிக்கலாம்.

2025 நவம்பர் கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் தொடங்கியதிலிருந்து பலரும் என்னிடம் ஹாக்கி பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் பையன்கள் வெண்கலம் வாங்கியதும் கேள்விகள் கூடின. அவற்றில் ஒரு கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. ஆலங்குடிப் பக்கத்து மாணவி ஒருத்தி. பள்ளியில் என்னிடம் வரலாறு படித்தவள். இப்போது இங்கிலாந்தில் மேல்படிப்பு. போனில் சொன்னாள்: "சார், இங்க யூனிவர்சிட்டி ஹாக்கி கிளப்ல சேர்ந்தேன். கோச் யாருன்னு கேட்டா செகரட்டரியப் பாருங்கறாங்க. செகரட்டரி யாருன்னு பார்த்தா என்னைவிட ரெண்டு வயசு சின்னப் பொண்ணு. பணம் வசூல் பண்றது, மேட்ச் பேசறது, பஸ் பிடிக்கறது எல்லாமே பசங்கதான் சார். வாத்தியார் யாருமே வரமாட்டாங்களா?"

நியாயமான கேள்வி. நம்மூரில் கல்லூரி ஹாக்கி என்றால் உடற்கல்வி இயக்குநர் ஒரு பட்டியல் போடுவார், போட்டி முடிந்ததும் கலைந்துவிடுவோம். அங்கே அப்படி இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல நூற்றைம்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஆட்டம்

கோலால் பந்தை அடிப்பது உலகம் முழுக்கப் பழைய விளையாட்டு. நாம் இன்று ஆடும் ஹாக்கிக்கு விதிமுறை பிறந்தது லண்டன் பக்கத்தில். 1871இல் டெடிங்டன் என்ற ஊரின் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள், குளிர்காலத்தில் சும்மா இருக்க முடியாமல், கிரிக்கெட் பந்தையே வைத்துக் கோலால் ஆடத் தொடங்கினார்கள். கோலைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, குறிப்பிட்ட வட்டத்துக்குள் இருந்து அடித்தால்தான் கோல் என்ற விதிகள் அவர்களிடமிருந்து வந்தவை. 1886இல் லண்டனில் ஹாக்கிச் சங்கம் அமைந்தது. 1890இல் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் முதல் முறையாக ஹாக்கியில் மோதின. அந்த ஆண்டுப் போட்டி இன்றும் தொடர்கிறது.

நான்கே வருட இடைவெளியைக் கவனியுங்கள். சங்கம் பிறந்த சூட்டிலேயே பல்கலைக்கழகம் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டது. காரணம் எளிது. இருபது வயதுப் பையன்கள் நிறையப் பேர், மாலையில் நேரம், பக்கத்திலேயே புல்வெளி. ஆனால் அது வெறும் பொழுதுபோக்காகக் கரைந்து போகாமல் நின்றதற்குக் காரணம், அதை அவர்கள் அமைத்த விதம்.

கழகம் எப்படி இயங்கியது

ஆக்ஸ்போர்டு என்பது ஒரே கட்டடம் இல்லை. பல கல்லூரிகள் சேர்ந்ததுதான் பல்கலைக்கழகம். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு ஹாக்கி அணி. கல்லூரிகளுக்குள் நடக்கும் கோப்பைப் போட்டிக்கு 'கப்பர்ஸ்' என்று பெயர். அங்கே கண்ணில் படுகிறவர்கள் பல்கலைக்கழகக் கழகத்துக்கு அழைக்கப்படுவார்கள். நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் ஆட இடம் உண்டு. மேலே ஏற ஏணியும் உண்டு. கேம்பிரிட்ஜின் இரண்டாவது அணிக்கு 'வாண்டரர்ஸ்', அதாவது அலைந்து திரிவோர் என்று பெயர். இரண்டாவது அணிக்கும் தனிப் பெயர், தனிப் பெருமை. பதினோரு பேருக்கு அப்பால் யாரும் 'எக்ஸ்ட்ரா' இல்லை.

கழகத்தின் பொறுப்பாளர்கள் மூன்று பேர்: தலைவன், செயலர், பொருளாளர். மூவருமே மாணவர்கள். மூத்த உறுப்பினர் என்று ஆசிரியர் ஒருவர் பெயரளவில் இருப்பார். கணக்கு சரியா, பல்கலைக்கழக விதி மீறப்படுகிறதா என்று பார்ப்பதோடு அவர் வேலை முடிந்தது.

இதில் செயலர் வேலைதான் கடினம். இங்கிலாந்து ஹாக்கிச் சங்கம் லீக் போட்டிகளை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. புள்ளிக்காக ஆடினால் ஆட்டத்தின் பண்பு கெட்டுவிடும் என்பது அவர்கள் எண்ணம். 1960களின் கடைசியில்தான் லீக் வந்தது. அதுவரை எல்லாமே நட்பு ஆட்டம். லீக் இருந்தால் அட்டவணை தானாக வரும். இல்லையென்றால் யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு கிளப்புக்கும் கடிதம் எழுத வேண்டும். "வருகிற இன்ன சனிக்கிழமை எங்கள் ஊருக்கு வர முடியுமா, தேநீர் எங்கள் பொறுப்பு" என்று. பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், ரயில் நேரம் பார்க்க வேண்டும், நடுவர் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆக்ஸ்போர்டில் ஒரு பருவம் எட்டே வாரம். ஒரு சனிக்கிழமை வீணானாலும் பருவத்தில் எட்டில் ஒரு பங்கு போச்சு.

இப்படி எழுதிய இருபது வயதுப் பையன் அடுத்த வருடம் படிப்பு முடித்துப் போய்விடுவான். அவன் கையில் இருந்த முகவரிகள், கணக்கு நோட்டு, எந்தக் கிளப் நல்ல முறையில் நடந்துகொள்ளும் என்ற அனுபவம் எல்லாவற்றையும் அடுத்தவனிடம் ஒப்படைத்தாக வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆட்கள் முழுக்க மாறிவிடும் அமைப்பு நூறு வருடத்துக்கு மேல் நிற்கிறது என்றால் இந்த ஒப்படைப்புதான் காரணம். நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன்: ஆட்கள் போன பிறகும் நிற்பதுதான் நிறுவனம். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

'நீலம்' என்ற மரியாதை

ஆக்ஸ்போர்டின் நிறம் கருநீலம், கேம்பிரிட்ஜின் நிறம் வெளிர்நீலம். இரண்டும் மோதும் ஆண்டுப் போட்டியில் ஆடியவருக்குத்தான் அந்த நிறக் கோட்டு அணியும் உரிமை. அதற்கு 'ப்ளூ' என்று பெயர். வருடம் முழுக்க நன்றாக ஆடி, அந்த ஒரு நாள் களத்தில் இறங்காவிட்டால் நீலம் இல்லை. எந்த ஆட்டத்துக்கு முழு நீலம், எதற்கு அரை நீலம் என்று தீர்மானிப்பதிலும் விளையாட்டுகளின் மாணவத் தலைவர்களுக்கே முக்கிய இடம்.

பணம் இல்லை, பதக்கம் இல்லை, மதிப்பெண் இல்லை. ஒரு கோட்டு மட்டும். ஆனால் அந்தக் கோட்டுக்குப் பின்னால் வேலை இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் பேரரசின் உயர் பதவிகளுக்கு ஆள் எடுக்கும்போது நீலம் பெற்றவர்களுக்குத் தனி மதிப்பு. சூடான் நாட்டு நிர்வாகப் பணியில் இப்படிப்பட்டவர்களே நிறைந்திருந்ததால், அது நீலக்காரர்கள் ஆளும் நாடு என்று அந்தக் காலத்திலேயே கேலி பேசினார்கள். 'காசு வாங்காமல் ஆடுகிறோம்' என்று பெருமைப்பட்டவர்கள் காசுக்குக் கவலைப்பட வேண்டாத வீட்டுப் பிள்ளைகள். அமெச்சூர் என்ற சொல்லில் அழகும் உண்டு, இந்த அழுக்கும் உண்டு.

பெண்கள் கதை வேறு. அவர்கள் கல்லூரிகளிலும் ஹாக்கி ஆடினார்கள். தங்களுக்கென்று சங்கம் அமைத்து, ஆண்கள் சங்கத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். சரி என்று 1895இல் பெண்களே தனிச் சங்கம் நடத்தத் தொடங்கினார்கள். யாருடைய அனுமதியும் இல்லாமல் தாங்களே விதி, தாங்களே நடுவர், தாங்களே நிர்வாகம். ஆலங்குடி மாணவி பார்த்த செகரட்டரிப் பெண் அந்த வழியில் வந்தவள்தான்.

ராஞ்சியிலிருந்து ஒரு பையன்

இப்போது நம் கதைக்கு வருவோம். இந்தக் கழகத்தில் நீலம் வாங்கிய ஓர் இந்தியர் பெயரை என் மாணவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை. ஜெய்பால் சிங் முண்டா.

இன்றைய ஜார்க்கண்டில் குந்தி பக்கத்துச் சிற்றூர். முண்டா பழங்குடிக் குடும்பம். பிறந்தது 1903. ராஞ்சியில் மிஷன் பள்ளியில் படித்தபோது தலைமையாசிரியராக இருந்த பாதிரியார் அவர் திறமையைக் கண்டு இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். 1922இல் ஆக்ஸ்போர்டு செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. பொருளாதாரம் படித்தார், மாணவர் விவாதங்களில் பேசினார், ஹாக்கியில் பின்களத் தடுப்பாட்டக்காரராகப் பெயர் எடுத்தார், நீலம் பெற்றார். விம்பிள்டன் கிளப்புக்கும் ஆடினார். அதே காலகட்டத்தில் ஆக்ஸ்போர்டில் இருந்த இன்னொரு இந்தியர் பட்டோடி நவாப் இப்திகார் அலிகான். கிரிக்கெட்டில் மட்டுமல்ல, ஹாக்கியிலும் நீலம் பெற்றவர். ஒருவர் சமஸ்தானத்து நவாப், இன்னொருவர் காட்டுப்பகுதிக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. இருவரையும் ஒரே மைதானத்தில் நிறுத்தியது அந்தக் கழகம்.

படிப்பு முடிந்ததும் ஜெய்பால் ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்வானார். அந்தக் காலத்து இந்திய இளைஞனுக்கு அதற்கு மேல் ஒரு கனவு கிடையாது. பயிற்சியில் இருக்கும்போதே அழைப்பு வந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதல் முறையாக ஹாக்கி ஆடப்போகிறது, நீங்கள் தலைவராக வர வேண்டும் என்று.

இந்திய ஹாக்கிக் கூட்டமைப்புக்கு அப்போது வயது மூன்று. 1925 நவம்பரில் குவாலியரில் பிறந்தது. அணி பம்பாயில் கப்பல் ஏறியபோது வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர் என்று சொல்வார்கள். அந்தக் கப்பலில் தயான் சந்த் இருந்தார். பதினாறு வயதில் சிப்பாயாகச் சேர்ந்து, பட்டாள மைதானத்தில் ஆட்டம் பழகியவர்.

ஜெய்பால் விடுமுறை கேட்டார். லண்டனில் இந்தியா அலுவலகம் அனுமதி தரவில்லை. பதவியா, கோலா என்ற நிலை. அவர் கோலை எடுத்துக்கொண்டு போனார்.

ஆம்ஸ்டர்டாமில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆஸ்திரியா 6-0, பெல்ஜியம் 9-0, டென்மார்க் 5-0, சுவிட்சர்லாந்து 6-0. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து 3-0. மொத்தம் 29 கோல் அடித்து ஒன்றுகூட வாங்கவில்லை. அவற்றில் 14 தயான் சந்த் அடித்தவை. நிர்வாகத்தோடு ஏற்பட்ட மனவேறுபாட்டால் ஜெய்பால் இறுதி ஆட்டத்துக்கு முன்பே அணியை விட்டு விலகியிருந்தார். அன்று தலைமை தாங்கியவர் பின்னிகர். ஆனாலும் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் ஜெய்பால் தலைமையில் சென்ற அணி வாங்கியது என்பதுதான் வரலாறு.

திரும்பி வந்தவரிடம், அனுமதி இல்லாமல் போனதால் பயிற்சியை இன்னொரு வருடம் செய்ய வேண்டும் என்றார்கள். முடியாது என்று ஐ.சி.எஸ். பதவியையே விட்டு விலகினார். பிறகு எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட், இன்றைய கானா, அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அதனால் அவர் நம் சாதி, வாத்தியார் சாதி! 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களின் குரலாக எழுந்து பேசினார். ஜார்க்கண்ட் தனி மாநிலம் கேட்டு முதலில் பெரிய அளவில் அரசியல் செய்தவரும் அவர்தான்.

நான் இங்கே கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். நீலம் என்பது பேரரசுப் பதவிக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் மாதிரி என்று மேலே சொன்னேன். ஜெய்பால் கையில் நீலமும் இருந்தது, பதவியும் இருந்தது. ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த அதே நாட்டு அதிகாரிகள், அந்த ஆட்டத்தைத் தன் நாட்டுக்காக ஆடப் போனபோது கதவைச் சாத்தினார்கள். இங்கிலாந்து அந்த ஒலிம்பிக் ஹாக்கிக்கு அணியே அனுப்பவில்லை. 1948இல் லண்டனில்தான் இரு நாடுகளும் ஒலிம்பிக்கில் சந்தித்தன. சுதந்திர இந்தியா 4-0 என்று வென்றது.

கேம்பிரிட்ஜிலிருந்து அலிகாருக்கு

கல்லூரி விளையாட்டுக் கழகம் என்ற அமைப்பு இந்தியாவுக்கு எப்படி வந்தது? ஒரு பாதை அலிகார் வழியாக. சர் சையத் அகமது கான் 1875இல் தொடங்கிய பள்ளி கல்லூரியாக வளர்ந்தது. 1883இல் அதன் முதல்வராக வந்த தியோடர் பெக்குக்கு அப்போது வயது இருபத்து நான்கு. கேம்பிரிட்ஜ் படிப்பு முடித்து நேரே வந்தவர். அவருக்குப் பின் முதல்வரான மோரிசனும் கேம்பிரிட்ஜ்காரர். விடுதி வாழ்க்கை, விவாத மன்றம், மாலையில் மைதானம் என்று தாங்கள் படித்த கல்லூரியின் சாயலை இங்கே உண்டாக்கினார்கள். கிரிக்கெட் முதலில் வேர் பிடித்தது. ஹாக்கி பின்னால் வந்து அதை முந்தியது.

அலிகாரில் இன்றும் விளையாட்டுக் குழு என்று ஒன்று உண்டு. அதன் கீழ் ஹாக்கிக்கு ஒரு கழகம், கிரிக்கெட்டுக்கு ஒரு கழகம், குதிரையேற்றத்துக்கு ஒரு கழகம். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் ஒருவர் தலைவர், மாணவர் ஒருவர் அணித் தலைவர். ஆக்ஸ்போர்டு அளவுக்கு மாணவர் கையில் முழு அதிகாரம் இல்லை. ஆனால் ஆள் மாறினாலும் கழகம் நிற்கிறது. அங்கே பொறியியல் படித்துக்கொண்டே ஆடியவர்தான் ஜாபர் இக்பால். இடது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் அந்த உருவத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவர்.

தெற்கே நமக்கும் ஒரு மரபு உண்டு. கல்கத்தாவில் 1895இல் பெய்ட்டன் கோப்பை, பம்பாயில் 1896இல் ஆகாகான் கோப்பை, சென்னையில் 1901இல் எம்.சி.சி. போட்டி தொடங்கின. இன்று எம்.சி.சி. - முருகப்பா தங்கக் கோப்பை என்று நடப்பது அதுதான். இங்கிலாந்தில் கோப்பைக்காக ஆடினால் பண்பு கெடும் என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, நம் நாட்டில் ஊருக்கு ஊர் கோப்பை வைத்து ஆடினோம். நாம் அவர்களை முந்தியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. 1920இல் ஹாரி பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி அது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் ஜில்லா ஜில்லாவாகப் பள்ளி, கல்லூரிகளுக்குப் போனார்கள். 1925இல் லயோலா கல்லூரி வந்தது. அங்கே படித்த வாசுதேவன் பாஸ்கரன் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைவர். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்றோம். ஒலிம்பிக் ஹாக்கியில் இன்றுவரை நம் கடைசித் தங்கம் அதுதான். அந்த அணியில் அலிகார் ஜாபர் இக்பாலும் உண்டு. வடக்கிலும் தெற்கிலும் கல்லூரி மைதானங்கள் வளர்த்த இருவர் ஒரே மேடையில் நின்றார்கள்.

எங்கே அறுந்தது?

அந்தத் தங்கத்துக்கு நான்கு வருடம் முன்பே அடி விழுந்துவிட்டது. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் செயற்கைப் புல்லில் ஹாக்கி நடந்தது. இந்தியாவுக்கு ஏழாவது இடம். அன்றிலிருந்து ஆட்டம் மாறியது. வேகம் மாறியது, கோல் மாறியது, முக்கியமாகச் செலவு மாறியது. செம்மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டால் போதும் என்றிருந்த ஆட்டத்துக்குக் கோடிக்கணக்கில் மைதானம் தேவைப்பட்டது. எந்தக் கலைக்கல்லூரி அதைப் போடும்?

அதனால் ஹாக்கி கல்லூரியை விட்டு அகாடமிக்கும் விளையாட்டு விடுதிக்கும் போனது. அதைக் குறை சொல்ல மாட்டேன். கோவில்பட்டியைப் பாருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி அங்கே எத்தனை ஏழைப் பிள்ளைகளை மேலே ஏற்றியிருக்கிறது! அரியலூரின் கார்த்தியும் கோவில்பட்டி மாரீஸ்வரனும் இந்திய அணிக்குப் போனது அந்த வழியில்தான். 2023இல் சென்னையில் ஆசியச் சாம்பியன் கோப்பையை இந்தியா வென்றபோது கார்த்தி அணியில் இருந்தார். ஆக்ஸ்போர்டு முறை அந்தக் குடும்பங்களுக்கு ஒன்றும் செய்திருக்காது. விடுதிதான் சோறு போட்டது, கோல் கொடுத்தது.

ஆனால் விடுதிக்கு எத்தனை பேர் போக முடியும்? மிகத் திறமையான சிலர். மற்றவர்கள்? சராசரியாக ஆடுகிறவன், ஆட ஆசைப்படுகிறவள், அவர்களுக்கு எங்கே இடம்?

இங்கேதான் தலைப்பில் சொன்ன வித்தியாசம் வருகிறது. அணி வேறு, கழகம் வேறு. அணி என்பது போட்டிக்காகக் கூடுவது. பல்கலைக்கழகம் மண்டலப் போட்டி அறிவிக்கும், கல்லூரிகள் பட்டியல் அனுப்பும், இரண்டு நாள் ஆடிவிட்டுப் பயணப்படி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அதிலிருந்து பல்கலைக்கழக அணி, அதிலிருந்து தேசியப் போட்டி. வருட முடிவில் எல்லா விளையாட்டுகளையும் கூட்டிப் பார்த்து மௌலானா ஆசாத் கோப்பை கொடுப்பார்கள். 1956-57 முதல் இருக்கிறது. பஞ்சாப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களே அதை அதிகம் அள்ளிக்கொண்டு போகின்றன. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் போட்டி இல்லாத நாளில் அந்த அணி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. கழகம் என்பது போட்டி இல்லாத நாளிலும் இருப்பது.

நம் ஊருக்கு என்ன?

நம் மன்னர் கல்லூரி 1857இல் பள்ளியாகத் தொடங்கி 1880இல் கல்லூரியானது. அதாவது ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் முதல் ஹாக்கி ஆடுவதற்குப் பத்து வருடம் முன்பே நம்மிடம் கல்லூரி இருந்தது. சமஸ்தானக் காலம், சென்னைப் பல்கலைக்கழகக் காலம், 1982க்குப் பின் பாரதிதாசன் பல்கலைக்கழகக் காலம் என்று மூன்று யுகம் பார்த்த நிறுவனம். இடம் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள். கந்தர்வகோட்டை, திருமயம், அறந்தாங்கி, கீரமங்கலம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். மகளிர் கல்லூரியில் படிக்கும் பெண்கள் எண்ணிக்கையைச் சொல்லவே வேண்டாம். ஓட்டத்தில் ஆசிய வெள்ளி வரை போன பெண்ணைக் கத்தக்குறிச்சியிலிருந்து கொடுத்த மண் இது. கால் வலுவுக்குப் பஞ்சமில்லை.

ஒரு கழகம் தொடங்க என்ன வேண்டும்? செயற்கைப் புல் வேண்டாம். அது அகாடமிக்கு வேண்டும். கழகத்துக்கு வேண்டியவை வேறு. நான் நினைப்பதைச் சொல்கிறேன், குறை இருந்தால் திருத்துங்கள்.

முதலாவது, தலைவரும் செயலரும் பொருளாளரும் மாணவர்களாக இருக்க வேண்டும். உடற்கல்வி இயக்குநர் மூத்த உறுப்பினராக மேலே இருந்து பார்க்கட்டும். தப்புச் செய்யட்டும், கற்றுக்கொள்ளட்டும்.

இரண்டாவது, ஒரு நோட்டு. யார் வந்தார்கள், யாரோடு ஆடினோம், எவ்வளவு செலவு, எத்தனை கோல் உடைந்தது என்று எழுதி, வருடக் கடைசியில் அடுத்த செயலரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். இது ஒன்றைச் செய்தாலே பாதிக் கழகம் உருவாகிவிடும்.

மூன்றாவது, இரண்டாவது அணிக்கும் ஒரு பெயர். சுமாராக ஆடுகிறவர்களுக்கும் சனிக்கிழமை ஓர் ஆட்டம்.

நான்காவது, பெண்களுக்குச் சம இடம். ஆண்கள் ஆடி முடித்த மிச்ச நேரம் தருவது இடம் ஆகாது. மாலை ஐந்தரைக்குக் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு ஆறு மணிக்கு மைதானம் கொடுப்பதில் என்ன பயன்? காலையில் கொடுங்கள்.

ஐந்தாவது, சந்தா. ஆனால் கட்ட முடியாதவரிடம் கேட்கக் கூடாது. கோல், காலுறை, காப்பு எல்லாம் கழகத்துப் பொதுச் சொத்தாக ஒரு பெட்டியில் இருக்கட்டும். இங்கேதான் ஆக்ஸ்போர்டு அமெச்சூர் முறையிலிருந்து நாம் விலக வேண்டும். காசு இருப்பவன் மட்டும் காசு வாங்காமல் ஆடுவது பெருமை இல்லை. காசு இல்லாதவனும் ஆட முடிந்தால்தான் அது விளையாட்டு. பழைய மாணவர்கள் அந்தப் பெட்டிக்கு வருடம் ஒரு கோல் கொடுத்தால் போதும்.

"வேலைக்குப் பயன்படுமா சார்?" என்று கேட்பீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைப்பது மேல்மட்ட ஆட்டக்காரர்களுக்கு. மற்றவர்களுக்கு நேரடியாகப் பயன்படாது. ஆனால் இருபது வயதில் பதினைந்து கிளப்புக்குக் கடிதம் எழுதி, பஸ் பேசி, கணக்கு ஒப்படைத்த பிள்ளை எந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாலும் திணறாது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் அணியின் தலைவர் ரிச்சர்ட் டாட்ஸ், கேம்பிரிட்ஜில் படித்த எலும்பு மருத்துவர். ஆஸ்திரேலியாவின் ரிக் சார்ல்ஸ்வொர்த் மருத்துவம் படித்தவர், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், அணித் தலைவர், பின்னாளில் பயிற்சியாளர். படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பது நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த கதை.

ஆலங்குடி மாணவிக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது: "வாத்தியார் வராததால்தானம்மா அது நூறு வருஷமா நடக்குது. நீ அடுத்த வருஷம் செகரட்டரிக்கு நில்லு." நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் எந்தக் காலத்திலாவது ஹாக்கிக் கோல் பிடித்தவர்கள் இதைப் படித்தால், எந்த வருடம், எந்த இடத்தில் ஆடினீர்கள், யாரெல்லாம் கூட இருந்தார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். பழைய குழுப் புகைப்படம் பரணில் இருந்தால் தூசி தட்டிப் போடுங்கள். பதினைந்து பேர் எழுதினால்கூட, வருகிற கல்வியாண்டு தொடக்கத்தில் அவற்றைத் தொகுத்து எடுத்துக்கொண்டு கல்லூரி முதல்வர்களைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கூட வருகிறவர்கள் வரலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்